இடுப்புக்கு மேல் ஆங்கிலம்

1

இருந்தவர்களும் இருந்த இடமும்:

முதலாளி: சுழல்நாற்காலியில், ஏசிக்கு நேர் கீழே.

துரை: சோபாவில். பெற்றோர் வந்தால் உட்கார வைப்பதற்கென்று வாங்கிய சோபா. பெற்றோருக்கு அடுத்தபடியாக அதில் உட்கார உரிமை உள்ளவர் துரை ஒருவர்தான்.

என் அக்கா: குட்டை ஸ்டூலில். பக்கத்திலேயே முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. பழக்கதோஷம்.

நான்: தட்டச்சு மேசையில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. கடிதம் எழுதுகிறவளின் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

மேசைமேல்: பாஸ்போர்ட் அளவில் இரண்டு புகைப்படங்கள். ஒன்று துரையுடையது, மற்றது அக்காவுடையது. இவற்றில் எது உறைக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்யத்தான் இன்று காலைக் கூட்டம். ஆகவே அவையும் ஆஜர்.

எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, பிறகுதான் ‘ஐயா’. பொருள் எழுதாமல் நேராக ஐயாவுக்குத் தாவினால் மதிப்பெண் கிடையாது. எனக்கு இன்றுவரை யோசனை அந்த வரிசையில்தான் வரும். ஆகவே:

பொருள்: ஆசியாவில் வெளிநாடு போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தகுதிச் சான்றிதழ் தேவையா – கதை எழுதுதல் – தொடர்பாக.

பார்வை: அத்தை மகன் போனில் கேட்ட கேள்வி.

2

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ‘என்ன கற்பனை!’ என்று பாராட்டிச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஊரிலிருந்து அத்தை மகன் கூப்பிட்டான். “ஏய், நீ இருக்கிற பக்கம் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க ஆள் எடுக்கிறாங்களாமே. அதுக்குன்னு ஒரு கோர்ஸ் இருக்காம். அது இல்லாமலே எடுப்பாங்கன்னு ஒருத்தன் சொல்றான். இல்லாம உள்ளயே விடமாட்டாங்கன்னு இன்னொருத்தன் சொல்றான்.”

“ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க.”

“இப்படிச் சொன்னா நான் சேரவா, வேணாமா?”

“எழுதி அனுப்புறேன்.”

ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ‘ஆம்’ என்று எழுதினால் பாதி பொய். ‘இல்லை’ என்று எழுதினால் மீதிப் பாதி பொய். பதில் இப்படி நழுவும்போது அதற்குக் கதை என்று பேர் வைத்துவிடுவது எழுதுகிறவர்களின் வழக்கம். அதற்கு மட்டும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

தொடக்கம், முதல் முயற்சி:

[கல்வி என்பது ஒரு விளக்கு. அந்த விளக்கை ஏற்றுகின்ற கரங்கள் எவையாயினும்—]

அடித்துவிட்டேன். பள்ளி ஆண்டுவிழா மேடையிலிருந்து தப்பி ஓடிவந்த வாக்கியம்.

இரண்டாம் முயற்சி:

[வானம் இருண்டிருந்தது. விமானத்திலிருந்து இறங்கிய அவள் கையில் சான்றிதழ்க் கோப்பு, கண்களில்—]

அக்கா வந்திறங்கிய அன்று நல்ல வெயில். கோப்பு கையில் இல்லை. பெட்டிக்குள், புடவைகளுக்கு நடுவே, மூலை மடங்காமல் இருந்தது. கண்களில் என்ன இருந்தது என்று கேட்டால், தூக்கம்.

மூன்றாம் முயற்சி:

[கண்ணாடி.]

இது இருக்கட்டும்.

3

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எங்கள் நிறுவனத்தில் நீளமான ஒரு நடை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வகுப்பறைகள். வகுப்பறைக்கும் நடைக்கும் நடுவே கண்ணாடி. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் நடையில் நின்று உள்ளே பார்ப்பார்கள். கொடுத்த காசுக்கு ஆங்கிலம் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். காதால் முடியாது, கண்ணாடி கெட்டியானது.

கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பால் நிறத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும். பிள்ளைகளின் கவனம் சிதறக்கூடாதாம். ஆகவே நடையிலிருந்து தெரிவது ஆசிரியரின் இடுப்புக்கு மேற்பட்ட பாகம் மட்டுமே. இடுப்புக்குக் கீழே நடப்பது எதுவும் ஆங்கிலம் அல்ல.

4

அக்கா எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். அதோடு, பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே உள்ள பயிற்சியையும் முடித்தவள். அதில் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. நிஜப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து உங்கள் ஒவ்வொரு தப்பையும் குறித்துக்கொள்வார். ஊரில் பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தாள். அங்கே அந்த இடத்தில் இப்போது வேறொருவர்.

வந்த புதிதில் அக்காதான் நின்று பாடம் நடத்தினாள். நடையில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இவங்களா டீச்சர்?”

“ஆமாங்க. நல்லாப் படிச்சவங்க.”

“படிச்சிருப்பாங்க, இல்லேங்கல. ஆனா எங்க பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரியே இருக்காங்களே. பக்கத்து வீட்டுக்கு அனுப்ப பஸ் செலவு எதுக்கு?”

அடுத்த திங்கட்கிழமை துரை வந்தார்.

(துரை என்று பேர் வைத்தது அக்கா. துரை தொழில்முறையில் படகு இன்ஜின் மெக்கானிக். ஊர் சுற்ற வந்தவர், காசு தீர்ந்ததும் தங்கிவிட்டார். பூனைக்கண், வைக்கோல் நிறத் தலைமுடி, நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். அவர் பிறந்த ஊரில் ஆங்கிலம் பேசுவதில்லை. நம்மைப் போலவே அவரும் அதைப் பிறத்தியாரிடம் வாங்கியவர்தான், அதுவும் நமக்குப் பிறகு. ஆனால் பூனைக்கண்ணிடம் போய் நீ எங்கே படித்தாய் என்று யார் கேட்பார்கள்?)

முதல் நாள் துரை வகுப்பில் நின்று “ஹலோ” என்றார். பிள்ளைகளும் “ஹலோ” என்றார்கள். அத்தோடு அவரிடம் இருந்த சரக்கு தீர்ந்தது. அக்கா அப்போது கீழ்த்தட்டில் படஅட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு செத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், குனிந்த வாக்கிலேயே ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு பிள்ளை பதில் சொன்னது. அக்கா அடுத்த அட்டையைத் தூக்கினாள். வகுப்பு கலகலவென்று ஆகிவிட்டது.

நடையிலிருந்து பார்த்த முதலாளிக்குத் தெரிந்தது: மேலே துரை, எதிரே கலகலப்பு. பெற்றோருக்குத் தெரிந்ததும் அதுவே. மறுநாளே அந்தக் குட்டை ஸ்டூல் வந்துவிட்டது. அக்காவுக்கு ‘கற்றல் ஒருங்கிணைப்பு உதவியாளர்’ என்று புதிய பதவி. அந்தப் பெயரை அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தது நான். உதவியாளர் என்பதற்கு முன்னால் எத்தனை சொல் சேர்த்தாலும் அது உதவியாளராகவே நிற்கும் என்பது அப்போது தெரிந்தது.

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். அக்கா ஸ்டூலில், ஒட்டுத்தாளுக்குக் கீழே. துரை நின்றபடி, ஒட்டுத்தாளுக்கு மேலே. அக்கா கேட்பாள், துரை கையை ஆட்டுவார், பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். துரையை மடையனாக எழுதிவிட்டேனோ?

அப்படி எழுதுவது சுலபம். அவர் பேசுவதெல்லாம் ஆங்கிலம், எழுதுவது நான். கொச்சைத் தமிழில் உடைத்து உடைத்துப் பேசவிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நல்ல தமிழில் பேசவிட்டால் மரியாதை வந்துவிடும். அவர் மானம் என் கையில். கொஞ்சம் நேர்மையாக இருந்து பார்க்கிறேன்:

பிள்ளைகளுக்குத் துரையைப் பிடிக்கும். அக்கா தப்பு என்றால் தப்பு என்பாள். திருத்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது. துரையே தப்புத்தப்பாகப் பேசுவதால் வாய் திறக்காத பிள்ளைகளும் அவரிடம் வாய் திறந்தன. தனக்குத் தெரியாததை அக்காவிடம் கேட்டுக்கொள்வார். ‘நான் ஆசிரியர்’ என்று அவர் எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அவர் மறுக்கவில்லை. நானும் மறுத்திருக்க மாட்டேன். சோபா நல்ல மெத்தென்ற சோபா.

(இதைப் படித்த அக்கா, “அவரை ரொம்பத் தூக்கி வச்சு எழுதாதடி” என்கிறாள். ஆம், படிக்கிறாள். என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுத எழுத. கையில் பேனா வேறு.)

6

நேற்று அதிகாரி அம்மா வந்தார். கல்வித் துறையிலிருந்து, வகுப்புகளைப் பார்வையிட.

வருவது முதலாளிக்குத் தெரியும். ஆகவே அக்காவைச் சாமான் அறைக்கு அனுப்பியிருந்தார், பழைய வினாத்தாள் கட்டுகளோடு. “கொஞ்ச நேரம்தாம்மா. ஃபேன் இருக்கு.” ஸ்டூலை எடுத்து ஒளிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டூலில் என்ன இருக்கிறது, மரம்தானே.

அதிகாரி அம்மா வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்பது போல ஏதோ ஒன்று.

வகுப்பே ஒரே அசைவில் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தது.

அதிகாரி இன்னொரு கேள்வி கேட்டார். மறுபடியும் அத்தனை தலையும் கீழே, அதே மூலைக்கு. ஆங்கிலம் என்பது முழங்கால் உயரத்திலிருந்து வருவது என்று அந்தப் பிள்ளைகள் படித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் கேள்வி விழுந்தால் கண் தானாக அங்கே போகும். அங்கே அட்டை தூக்கினால் பதில் வரும். இப்போது அட்டை இல்லை.

அதிகாரி அம்மா குனிந்து பார்த்தார். ஒட்டுத்தாளை ஒட்டி ஒரு குட்டை ஸ்டூல், மேலே தைத்துப் போட்ட மெத்தை.

“இங்க யாரு உக்காருவாங்க?”

“டீச்சர்,” என்றாள் முன்வரிசைச் சிறுமி.

“அப்போ நிக்கிறாரே, இவரு?”

“இவரும் எங்களோடதான் படிக்கிறாரு. போன வாரம் ஸ்டார்கூட வாங்கினாரு.”

துரை மறுக்கவில்லை. சட்டைப் பையின்மேல் ஒட்டியிருந்த தங்கநிற நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நடையில் நின்ற முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். முன்பே சொன்னேன், கண்ணாடி கெட்டியானது.

அதிகாரி அம்மா சிரித்தார். கோபப்பட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். சிரித்துவிட்டு, போகும்போது முதலாளியிடம் சொன்னார்: “உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுது. ஆனா எனக்குப் புரிஞ்சதை ஃபைல்ல வைக்க முடியாது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர். சான்றிதழ் நகல், ஒரு போட்டோ, ஒரு கடிதம். நாளைக்குத் தபால்ல போட்டிருங்க. பதிவு அட்டை வரும். போட்டோவோட அதை நடையில, பெத்தவங்க பாக்கிற மாதிரி மாட்டணும்.”

இந்த நாட்டில் உதவியாளராக இருக்க அக்காவுக்குக் கொடுத்த வேலை அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள். ஆசிரியை என்று பதிவானால் இருக்கலாம். இல்லையென்றால், வேலை இல்லாத ஊருக்குப் போக வேண்டியதுதான். துரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு சான்றிதழ் கிடைத்தால் ஆசிரியராகவும் பதியலாம், இல்லாவிட்டால் புதிதாக உதவியாளராகவும் பதியலாம்.

7

இனி, கூட்டம். இருந்தவர்கள், இருந்த இடம்: காண்க, பகுதி 1.

“இப்படி வச்சுக்குவோம்,” என்றார் முதலாளி. “நெட்ல ஒரு கோர்ஸ் இருக்கு. இன்னிக்குப் பணம் கட்டினா இன்னிக்கே சர்டிஃபிகேட். எல்லாம் டிக் அடிக்கிற கேள்விதான். சார் பேர்ல மேடம் எழுதிருவாங்க.”

“சார் பேர்ல நான் எழுதணும்,” என்றாள் அக்கா.

“உங்களுக்கு அதெல்லாம் ஜுஜுபிம்மா.”

“நான் எழுதி, சார் பாஸாகி, சார் டீச்சராகி, நான் பெட்டி கட்டணும்.”

“அப்படி ஒரேயடியாப் பேசாதீங்க. போகும்போது நல்ல பாராட்டுக் கடிதம் ஒண்ணு குடுப்போம். உங்க தங்கச்சிதானே டைப் பண்ணப் போகுது? எவ்வளவு வேணுமோ அவ்வளவு பாராட்டட்டும்!”

என் முதுகு சிரித்ததாக யாரும் பதிவு செய்யவில்லை.

அக்கா துரை பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

துரை யோசித்தார். “பாடத்தை எப்படித் திட்டம் போடுறதுன்னு அதுல கேப்பாங்களா டீச்சர்?”

“கேப்பாங்க.”

“அப்போ நான் காலி.”

“நான் எழுத மாட்டேன்,” என்றாள் அக்கா, முதலாளியைப் பார்த்து. “அவரே எழுதட்டும். இந்த டிக் அடிக்கிற கோர்ஸ் இல்ல, நான் படிச்ச கோர்ஸ். நான் சொல்லித் தர்றேன். பாஸாகட்டும். அன்னிக்கு அவர் போட்டோவை மாட்டுங்க, நானே ஆணி அடிக்கிறேன்.”

“அதுக்கு எவ்ளோ நாளாகும்?”

“நல்லாப் படிக்கிற பிள்ளைன்னா ஒரு வருஷம்.”

“எனக்கு?” என்றார் துரை.

“வீட்டுப்பாடம் செய்யற வழக்கமே உங்களுக்கு இல்லையே.”

முதலாளி மேசையைத் தட்டினார். “அம்மா, தபால் இன்னிக்குப் போகணும்!”

“அப்போ இன்னிக்கு யார்கிட்ட சர்டிஃபிகேட் இருக்கோ அவங்க போட்டோவைப் போடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

முதலாளி இரண்டு புகைப்படங்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நகர்த்தி வைத்துப் பார்த்தார்.

“நான் கெட்டவன் இல்லம்மா. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். பெத்தவங்கதான் கேப்பாங்க. இந்தப் போட்டோவைப் பாத்துட்டு, பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீங்களும் இல்ல, சாரும் இல்ல, தங்கச்சியும் இல்ல, நானும் இல்ல.”

(இந்த வசனத்தை நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். முதலாளியை முழு வில்லனாக ஆக்கினால் கதை வேகமாக ஓடும். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. பஸ் செலவுக் கணக்குச் சொன்ன அந்த அம்மாவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வசனம் இருக்கட்டும், கதை நொண்டட்டும்.)

அப்போது நடையில் ஒரு பெற்றோர் முதலாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் எழுந்து, என்னிடம், “நமக்கு எது நல்லதோ அதை வச்சு ஒட்டும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். நிர்வாகத்தின் முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன: கதவைத் திறந்துகொண்டே.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. “நான் இனிமே நின்னுதான் நடத்துவேன். அதை எழுதிக்கோ,” என்றாள். எழுதிக்கொண்டேன்.

துரை சோபாவிலிருந்து எட்டி, மேசைமேல் இருந்த தன் புகைப்படத்தை எடுத்தார். ஒரு தரம் பார்த்தார். நட்சத்திரம் ஒட்டிய சட்டைப் பைக்குள் அதைப் போட்டுக்கொண்டார்.

“ஸ்டூல் எனக்குப் பத்தாது டீச்சர். உக்காந்தாலும் தலை வெளிய தெரியும்.”

“தெரியட்டும். படிக்கிற பிள்ளை தலை தெரிஞ்சா என்ன தப்பு?”

8

மேசையில் ஒரு புகைப்படம்தான் இருக்கிறது. உறைக்குள் அதைத்தான் வைக்க முடியும். அந்த மட்டில் கதை முடிந்தது. முடியாதது, பதிவு அட்டை வந்து நடையில் தொங்கும் நாள். தபால்காரர் வர நேரம் இருக்கிறது. சில முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: [பெற்றோர் அட்டையைப் பார்க்கிறார்கள். அக்காவின் பட்டங்களை வாய்விட்டுப் படிக்கிறார்கள். ‘அடடா, இவ்வளவு படித்தவரா’ என்று கண் கலங்கி—] இதை நம்புகிறவர்கள் கை தூக்கலாம்.

முடிவு ஆ: [வகுப்பு காலியாகிறது. விமான நிலையத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு—] அக்கா பேனாவை நீட்டி அடித்துவிட்டாள். “அழுதா மூக்கு சிவந்துடும். என்னை அங்க நிக்க வைக்காத.”

முடிவு இ: முதலாளி நடையிலிருந்து திரும்பி வருகிறார், முகத்தில் வெளிச்சத்தோடு. [“ஒரே வகுப்பு, இரண்டு ஆசிரியர்! மேலே ஒருவர், கீழே ஒருவர்! நோட்டீஸ் அடிப்போம், ஃபீஸை ஏத்துவோம்—”] இதை எழுதும்போதே வெளியே அவர் அச்சகத்துக்குப் போன் பேசும் சத்தம் கேட்கிறது. கற்பனை செய்யக்கூட நிம்மதியாக விடமாட்டேன் என்கிறார்கள்.

அத்தை மகனுக்குப் பதில்: கோர்ஸில் சேர். கூடவே கண்ணாடி முன் நின்று உன் உயரத்தையும் நிறத்தையும் அளந்து அனுப்பு. எதை எந்தப் பக்கம் காட்டுவது என்று இங்கே பார்த்துக்கொள்வார்கள்.

9

அனுப்புநர் எழுதியாயிற்று. பெறுநர் எழுதியாயிற்று. பொருள்: ஆசிரியை நியமனம் – பதிவு கோருதல் – தொடர்பாக. இணைப்பு: சான்றிதழ் நகல்கள், புகைப்படம் ஒன்று. அக்கா வாங்கிப் படித்தாள். ஒன்றும் திருத்தவில்லை. இது எனக்குப் பாராட்டா, அவளுக்குப் பயமா என்று கேட்கவில்லை.

கடைசி வரியை நான் எழுதப்போவதில்லை. அதை எழுத வேண்டியவர் நடையில் நிற்கிறார், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். முதல் பகுதியில் இருந்தவர்கள் பட்டியலில் உங்களை விட்டுவிட்டேன். நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தீர்கள். அட்டை தொங்கும். பக்கத்து வீட்டுக்காரி மாதிரியே ஒரு முகம். உள்ளே அவள் நின்றுகொண்டிருப்பாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் நிறத் தலை ஏதோ எழுதிக்கொண்டிருக்கும். உங்கள் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், உள்ளே போகவா வேண்டாமா என்று. யோசித்து வையுங்கள்.

வாசலில் தபால்காரரின் மணி. உறையின் வாயில் பசை தடவி, நான்கு மூலையும் படிய ஒரு தரம் கையால் தேய்த்துக் கொடுத்துவிட்டேன்.